திசை மாறும் கப்பல், திக்கற்ற பயணி

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ள விழிஞம் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2-ம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கென எழுப்பப்பட்ட துறைமுகம் இது என்றாலும், உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்பதற்கான வசதியும் அதன் திட்ட வரைவில் இடம்பெற்றுள்ளது. அந்த வசதி நடைமுறைக்கு வரும் நாளில், பாறசாலை, களியக்காவிளை போன்ற எல்லையோர ஊர்களின் மக்கள் ஒரு மணி நேரப் பயணத்தில் கப்பலேறிவிடலாம்.

ஆனால், ஏறிய கப்பல் சொன்ன ஊருக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்குத் தில்லியில் இன்னும் தெளிவான விடை எழுதப்படவில்லை.

உலகெங்கும் உல்லாசக் கப்பல் பயணிகள் அடிக்கடி சொல்லும் குறைகள் மூன்று. அறிவித்த துறைமுகத்தில் கப்பல் நிற்பதில்லை. நீச்சல் குளத்திலும் மேல்தளத்திலும் கால் வைக்க இடமில்லை. 'டிப்ஸ்' எனப்படும் அன்பளிப்பைக் கேட்காமலேயே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். வசதி படைத்தோரின் சில்லறைச் சலிப்பு என இவற்றை ஒதுக்கிவிட முடியாது. பல ஆண்டுச் சேமிப்பைத் திரட்டி, பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் நடுத்தரக் குடும்பங்களும் இன்று இக்கப்பல்களில் பயணம் செய்கின்றன.

புதுச்சேரியில் நடந்தது

தமிழகப் பயணிகள் இதை நேரடியாக உணர்ந்தது 2022-ல். அவ்வாண்டு ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் இருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். நடுக்கடல் வரை சென்று திரும்பும் பயணம் ஒன்று. விசாகப்பட்டினம், புதுச்சேரி வழியாகச் சென்னை திரும்பும் பயணம் மற்றொன்று என இரு திட்டங்கள் அறிவிக்கப்பட்டன.

ஜூன் 10-ம் தேதி புதுச்சேரிக் கடற்பகுதியை அடைந்த கப்பலுக்கு அங்கு நிற்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதாகக் கூறி அதிமுக உள்ளிட்ட கட்சிகள் முன்னரே எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. பண்பாட்டுக்கு ஊறு விளைவிக்கும் எதையும் அனுமதிக்க முடியாது என்பது அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனின் நிலைப்பாடாக இருந்தது. கரையைக் கண்ணால் பார்த்தபடியே பயணிகள் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. அதே கப்பல் புதுச்சேரிக்கு வந்து பயணிகளை இறக்கியது 2025 ஜூலையில்தான்.

புதுச்சேரி அரசின் முடிவு சரியா, தவறா என்பது வேறு விவாதம். அனுமதி உறுதியாகும் முன்பே அந்த ஊரின் பெயரில் பயணச்சீட்டு விற்கலாமா என்பதே இங்கு எழும் கேள்வி.

எல்லா மாற்றமும் ஒன்றல்ல

பயணத் திட்டம் மாறுவதற்கான காரணங்கள் பல. புயலோ கடல் கொந்தளிப்போ நேரும்போது கப்பல் தலைவர் எடுக்கும் முடிவே இறுதியானது. பாதுகாப்பு கருதி அவர் எடுக்கும் முடிவில் உரிமையாளர் உள்பட யாரும் தலையிடக் கூடாது என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை கூறுகிறது. அதில் குறைகாண எவருக்கும் நியாயம் இல்லை.

இரண்டாவது வகை, அரசின் உத்தரவு. 2022 ஜனவரி தொடக்கத்தில் மும்பையில் இருந்து சுமார் 2,000 பேருடன் கோவா சென்ற இதே கப்பலில் 66 பேருக்குக் கரோனா தொற்று உறுதியானதால், கப்பல் மும்பைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பொது சுகாதாரம் கருதிய அத்தகைய நடவடிக்கையையும் பயணிகள் ஏற்றே ஆக வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் சிக்கல். உரிய அனுமதியை முன்கூட்டியே பெறாதது, வணிக வசதிக்காக வழியை மாற்றுவது போன்றவை நிறுவனத்தின் பொறுப்பில் அடங்குபவை. ஆனால், "பயணத் திட்டத்தை எந்நேரமும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்ற பொருளில் பயணச்சீட்டு ஒப்பந்தங்களில் காணப்படும் நிபந்தனை, புயலையும் நிர்வாகக் கோளாறையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

ஒரு வேர், மூன்று கிளைகள்

இடநெருக்கடியும் இதனுடன் தொடர்புடையதே. 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கடலுக்கு வந்த 'எம்பிரஸ்' கப்பலில் 796 அறைகள் உள்ளன. இத்தகைய கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது பயணிகளில் பெரும்பகுதியினர் ஊர் சுற்றிப் பார்க்க இறங்கிவிடுவர். எஞ்சியோருக்குக் குளமும் தளமும் தாராளமாக இருக்கும். துறைமுகம் ரத்தானால் அத்தனை பேரும் கப்பலுக்குள்ளேயே பகலைக் கழிக்க வேண்டும். வெயில் தணிந்த மாலையில் அனைவரும் நாடுவது அதே குளத்தைத்தான்.

கரையில் செலவாகியிருக்கும் பணமும் அப்போது கப்பலுக்குள்ளேயே செலவாகிறது. மதுக்கூடம், கடை, விளையாட்டு அரங்கு ஆகியவற்றின் வருவாய் கப்பலுக்கே சேரும். செல்லாத துறைமுகத்துக்கான கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவது பன்னாட்டு நிறுவனங்கள் பலவற்றின் வழக்கம். காணாமற்போன ஊரின் மதிப்பு அதில் அடங்குவதில்லை.

அன்பளிப்பா, கட்டணமா?

அமெரிக்கச் சந்தையை நம்பி இயங்கும் கப்பல் நிறுவனங்கள் பலவற்றில், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என அன்பளிப்புத் தொகை பயணியின் கணக்கில் தானாகவே ஏறிவிடுகிறது. மனம் உவந்து தருவதே அன்பளிப்பு. கணக்கில் ஏற்றிக் கேட்பது கட்டணம்.

இந்தியாவில் உணவகங்களைப் பொருத்தவரை இவ்விவகாரம் ஓரளவு தெளிவுபெற்றுள்ளது. உணவகங்களும் ஹோட்டல்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை எதிர்த்த வழக்கில், 2025 மார்ச் 28-ம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. வாடகைக் கார் செயலிகளில் முன்கூட்டியே அன்பளிப்புக் கேட்கும் முறையை மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரகலாத் ஜோஷி 2025 மே மாதம் கண்டித்தார். அன்பளிப்பு என்பது சேவைக்குப் பின் தரப்படும் பாராட்டே தவிர, உரிமையாகக் கேட்கத்தக்கது அல்ல என்பது அவரது வாதம். தரையில் உள்ள உணவகத்துக்கும் சாலையில் ஓடும் காருக்கும் பொருந்தும் இந்த நியாயம், இந்தியத் துறைமுகத்தில் பயணச்சீட்டு விற்கும் கப்பலுக்கும் பொருந்த வேண்டும்.

இதில் மறுபக்கமும் உண்டு. கப்பலில் அறையைச் சுத்தம் செய்பவரும் உணவு பரிமாறுபவரும், 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி கடலோடிகளே. இந்தியா அதை 2015-ல் ஏற்றது. உலகின் உல்லாசக் கப்பல்களில் இந்திய இளைஞர்கள் ஏராளமாகப் பணிபுரிகின்றனர். அவர்களது ஊதியத்தின் ஒரு பகுதியை நிறுவனம் அன்பளிப்பின் தலையில் சுமத்தும்போது, பயணியின் கோபம் ஊழியரின் வருவாயைத்தான் குறைக்கிறது. முழு ஊதியத்தையும் பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே அடக்கிவிட்டால் இருவருக்கும் நியாயம் கிடைக்கும்.

எல்லையோரப் படகுகள்

பெருங்கப்பல் வருவதற்கு முன்பே, இதே குறைகளைச் சிறு அளவில் எல்லையோர மக்கள் அறிவர். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு, தமிழகத்தின் கொல்லங்கோட்டில் இருந்து வெகுதொலைவில் இல்லை. அலையாத்திக் காடுகளின் ஊடே செல்லும் படகுச் சவாரிக்குத் தமிழகத்தில் இருந்தும் பயணிகள் வருகின்றனர். சவாரியின் கட்டணம் நேரக் கணக்கில் பேசப்படுகிறது. அச்சிட்ட கட்டணப் பட்டியலும் வழித்தட விவரமும் ரசீதும் இல்லாத இடத்தில், பேசியதைவிடச் சீக்கிரம் படகு திரும்பிவிட்டது என யாரிடம் முறையிடுவது?

கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் விவேகானந்தர் பாறைக்குச் செல்லும்; ஆனால், கடல் நீர்மட்டம் தாழ்ந்த நாள்களில் திருவள்ளுவர் சிலைப் பாறையை நெருங்க முடியாது. வரிசையில் காத்திருந்து படகேறியவர்கள் வள்ளுவரைத் தொலைவில் இருந்தே பார்த்துத் திரும்புவது பல ஆண்டுகள் தொடர்ந்தது. இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளத்தில், ரூ.37 கோடி செலவில் அமைக்கப்பட்ட கண்ணாடி இழைப் பாலம் 2024 டிசம்பர் 30-ம் தேதி திறக்கப்பட்டபோது அக்குறை தீர்ந்தது. தடை இயற்கையானதே எனினும், மனம் வைத்தால் மாற்று உண்டு என்பதற்கு இது சான்று.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவையின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. 2023 அக்டோபர் 14-ம் தேதி தொடங்கிய சேவை ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 மே மாதம் மீண்டும் தொடங்கும் என அறிவிக்கப்பட்டு, பலமுறை தள்ளிப்போய், ஆகஸ்ட் 16-ம் தேதிதான் தொடங்கியது. உறவினர்களைக் காணச் செல்லும் பயணிக்குத் தேதி மாற்றம் என்பது வெறும் எரிச்சல் அல்ல. விடுப்பும் செலவும் வீணாகும் இழப்பு.

கூட்ட நெரிசலோ இழப்பைவிடக் கொடியது. 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ம் தேதி தானூரில் 22 பேர் மாண்டனர். அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமானோரைப் படகில் ஏற்றியது விசாரணையில் வெளிப்பட்டது. பெருங்கப்பலின் குளத்தில் சலிப்பாக முடியும் அதே நெரிசல், காயலில் ஓடும் படகில் உயிரைப் பறிக்கிறது.

நாடாளுமன்றம் என்ன செய்தது?

2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் கப்பல் துறை சார்ந்த மசோதாக்கள் அடுத்தடுத்து நிறைவேறின. 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமும், 1908-ம் ஆண்டின் துறைமுகச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தன. பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் தொடர்பாக எதிர்க்கட்சிகள் எழுப்பிய அமளியின் இடையே இவை நிறைவேறியதால், விரிவான விவாதத்துக்கு இடமே இல்லாமல் போனது.

கப்பல் பதிவு, கடலோடிகள் நலன், பாதுகாப்பு, மாசுத் தடுப்பு, துறைமுக நிர்வாகம் எனப் பலவற்றை இச்சட்டங்கள் பேசுகின்றன. ஆனால், விமானப் பயணிக்கு இருப்பதைப் போன்ற இழப்பீட்டு அட்டவணை உல்லாசக் கப்பல் பயணிக்கு இல்லை. உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால் பயண நேரத்துக்கேற்ப ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை இழப்பீடு பெற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் வழிசெய்கின்றன. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிடுபவர் முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம்.

இதற்கிடையே, 2024 செப்டம்பர் 30-ம் தேதி மும்பையில் தொடங்கிவைக்கப்பட்ட 'குரூஸ் பாரத்' இயக்கம், 2029-க்குள் உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இலக்கு வைத்துள்ளது. எண்ணிக்கைக்கு இலக்கு உண்டு, உரிமைக்கு இல்லை.

வெளிநாடுகளிலும் நிலைமை முழுமையாகச் சீராகிவிடவில்லை. 2013 பிப்ரவரியில் 'கார்னிவல் டிரையம்ப்' கப்பல் தீ விபத்துக்குப் பின் மின்சாரமின்றி மெக்சிகோ வளைகுடாவில் பல நாள்கள் தத்தளித்தது. அதன் பிறகே கப்பல் நிறுவனங்களின் சங்கம் பயணிகள் உரிமைப் பட்டயத்தை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில், புறப்படும் முன்பே பயணத்தின் முக்கிய அம்சம் கணிசமாக மாற்றப்பட்டால், அபராதமின்றி விலகிக்கொள்ளத் தொகுப்புச் சுற்றுலா விதிகள் இடம் தருகின்றன.

எங்கே முறையிடுவது?

இப்போதைக்குப் பயணியின் கையில் இருப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டுமே. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், பயணி தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்ய அச்சட்டம் அனுமதிக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகள் நியாயமற்ற வணிக நடைமுறையே என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ஒரு வீட்டுவசதி வழக்கில் தீர்ப்பளித்ததும் பயணிகளுக்குத் துணைநிற்கும்.

எல்லைக்கோடு இங்கும் குறுக்கிடுகிறது. சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட ஆணையம் போதும். ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என வாதிட வேண்டுமெனில் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். பாறசாலைவாசிக்கு இரண்டும் திருவனந்தபுரத்திலேயே உள்ளன. களியக்காவிளைவாசியோ முதலாவதற்கு நாகர்கோவிலுக்கும், இரண்டாவதற்கு மதுரை அமர்வுக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ம் தேதி நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று வரையப்பட்ட கோடு, ஒரே கப்பலில் பக்கத்துப் பக்கத்து அறையில் பயணம் செய்த இருவரை இன்று வெவ்வேறு வாசல்களுக்கு அனுப்புகிறது.

விதிகளில் இடம் உண்டு

புதிய சட்டத்தைப் பயணிகள் உரிமையைப் பேசாமல் நிறைவேற்றிய நாடாளுமன்றத்துக்கு, அந்தக் குறையைச் சரிசெய்யும் வாய்ப்பும் உண்டு. கப்பல், துறைமுகம், சுற்றுலா ஆகிய துறைகள் அனைத்தும் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான ஒரே நிலைக்குழுவின் வரம்பில் வருகின்றன. அனுமதி பெறாத துறைமுகத்தின் பெயரில் பயணச்சீட்டு விற்கத் தடை, பாதுகாப்புக் காரணமல்லாத மாற்றத்துக்கு இழப்பீடு, அன்பளிப்பு உள்ளிட்ட முழுத் தொகையையும் முதலிலேயே அறிவித்தல், படகாயினும் கப்பலாயினும் ஏற்றக்கூடியோர் எண்ணிக்கையைக் கண்ணில் படும்படி எழுதிவைத்தல் ஆகிய நான்கையும் அக்குழு பரிந்துரைக்கலாம்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அடங்கிய திருவனந்தபுரம் தொகுதியிலும், எல்லைக்கு இப்பால் உள்ள கன்னியாகுமரித் தொகுதியிலும் 2024 தேர்தலில் வென்றவர்கள் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள். சசி தரூரும் விஜய் வசந்தும் இதை அவையில் சேர்ந்து எழுப்பினால், அது இரு மாநிலங்களின் குரலாக ஒலிக்கும். விழிஞத்தில் முதல் உல்லாசக் கப்பலுக்குச் சீட்டு விற்கத் தொடங்கும் முன்பே அக்குரல் எழுவது நல்லது.