உங்களுக்குத் தெரியுமா? பழைய புல்லட்டின் வால்வு எப்போது திறக்கிறது?

■ திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில், பெட்ரோல் கலவை நுழையும் வால்வுக்கு ஒன்று, புகை வெளியேறும் வால்வுக்கு ஒன்று என இரண்டு கேம்கள் தனித்தனியே சுழல்கின்றன. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும்.

■ வால்வு திறந்து மூடும் நேரத்தை கிராங்க் திரும்பும் டிகிரியில் அளப்பார்கள். கிராங்க் முனையில் 360 டிகிரி குறித்த வட்டத் தகடு, கேம் மேலே தூக்கும் டேப்பெட்டின் மேல் டயல் கேஜ்: இவைதான் முக்கியக் கருவிகள்.

■ உச்சியை நெருங்கும் பிஸ்டன் சில டிகிரிகளுக்கு அசைவதே தெரியாது. கண்ணால் பார்த்துக் குறித்தால் கணக்கு தவறும். அதனால் ஸ்பார்க் பிளக் துளையில் தடை ஒன்றைப் பொருத்தி, கிராங்கை இரு பக்கமும் கையால் மெல்லத் திருப்புவார்கள். பிஸ்டன் முட்டி நிற்கும் இரண்டு டிகிரிகளுக்கும் நடுப்புள்ளியே உச்சி.

■ உள்வால்வு உச்சிக்கு 30 டிகிரி முன்பே திறந்து, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு 60 டிகிரி கழித்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது திறந்திருப்பது 30 + 180 + 60 = 270 டிகிரி.

■ கேமின் மூக்கு உச்சியிலிருந்து அடிவரையுள்ள முழு உயரத்திலிருந்து அடிவட்டத்தின் விட்டத்தைக் கழித்தால், அது டேப்பெட்டை எவ்வளவு தூக்கும் என்பது தெரியும். மூக்கு தேய்ந்தால் இந்த அளவு குறையும்.

■ தொடக்கத்தில் டேப்பெட் மிக மெதுவாக எழும்புவதால், 0.050 அங்குலம் (1.27 மி.மீ.) உயர்ந்த இடத்திலிருந்து டிகிரியை எண்ணும் வழக்கமும் உண்டு. எனவே, இரண்டு கேம்களை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே உயரத்தில் அளக்கப்பட்டவையா என்று பாருங்கள்.