படுகளத்தில் ஒரு ஓப்பரா

வட தமிழகத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். ஊருக்கு ஊர் நாள் கணக்கு மாறும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அதே கதை வெட்டவெளியில் கூத்தாகி விடியும்வரை போகும். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், பெஞ்சில் பின்பாட்டுக்காரர்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்தே துரியோதனன் தன் பெருமையைப் பாடத் தொடங்குவான். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முகத்தைப் பார்க்கக் கூட்டம் காத்திருக்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில் கோடைதோறும் ஏரி நீரின் மேல் ஓப்பரா நடக்கிறது. 1946இல் படகுகளின் மேல் மேடை போட்டு ஆரம்பித்தார்கள். 1999இல் ரிச்சர்ட் ஜோன்சும் ஆன்டனி மெக்டொனால்டும் பிரமாண்ட எலும்புக்கூடு ஒன்றைப் புத்தகத்தைப் புரட்டும் கோலத்தில் ஏரிக்குள் நிறுத்தினார்கள். உலகமே வியந்தது. வியக்கட்டும். ஆனால் பாரதம் நடக்கும் ஊர்க்காரருக்கு இதில் புதுமை குறைவு. பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளமாகிவிட்ட அவர் ஊர் மைதானத்தில் துரியோதனன் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்தில் மண்ணுருவமாய் மல்லாந்து கிடப்பான். வேடம் கட்டிய பீமன் அவன்மேல் ஏறித் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

அர்ச்சுனன் தபசுக்குப் பனைமரத்தை நட்டுப் படிகள் அடித்திருப்பார்கள். அதுதான் கயிலை. அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசுவான். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். பகாசுரனுக்குச் சோறு கொண்டு போகும் பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். ஊரே ஏகசக்கரபுரம் ஆகிவிடும். பார்ப்பவரைக் கதைக்குள் இழுத்துப் போடும் இந்த உத்தியை மேற்கத்திய இயக்குநர்கள் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாடு பட்டுப் பிடித்தார்கள். இங்கே அதைக் கண்டுபிடித்தவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கூத்து வாத்தியார் சுவரொட்டியில் பெயர் போடுகிற ஆள் இல்லை. பின்பாட்டோடு நின்று, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பாட்டை நீட்டுவார் அல்லது வெட்டுவார்.

பெயர் தெரிந்த சிலரும் உண்டு. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரைக் கூத்தை விடாமலே பிரெக்டையும், கார்சியா மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் கூத்துக்குள் கொண்டுவந்தார். அவர் மகன் சம்பந்தனிடம் பாடம் கேட்ட அரியான் முனுஷ்கினின் பாரீஸ் நாடகக் குழு, 2016இல் தன் புதிய நாடகத்தில் பாரதக் கூத்துக் காட்சிகளை வைத்தது.

கடல் கடந்த தமிழரில் இலங்கை மலையகத்தார் கெட்டிக்காரர்கள். தேயிலைத் தோட்டத்தில் மாசிதோறும் காமன் பொட்டலில் மன்மதனை எரிக்கும் காமன் கூத்தை விடாமல் காத்தார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தீமிதியில் பாரதச் சடங்குகள் தொடர்கின்றன; ஆனால் விடிய விடிய நடக்கும் கூத்து அங்கே இல்லை.

மலேசியாவின் மலையூரான பிரிஞ்சாங்குக்கு வருவோம். 1,500 மீட்டர் உயரம். கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. மழைதான் மேடைக்கு எதிரி. தேயிலை கிள்ள மலாயாவுக்கு வந்த நம் பாட்டன்மாரில் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். அந்தப் பக்கமெல்லாம் கூத்துப் பக்கம். முருகன் கோயில் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, கூட்டமும் வருகிறது. மலேசியக் கோயில் நிர்வாகத்தாரிடம் ஒரு விண்ணப்பம்: சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு ஒதுக்கும் இரவுகளில் ஒன்றைப் புரிசைக் குழுவுக்கோ வேறொரு கூத்துக் குழுவுக்கோ கொடுங்கள். பனைமரத்துக்கு அலைய வேண்டாம். கர்ண மோட்சம் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பெஞ்சும், ஒரு திரையும், மழைக்கு ஒரு தகரக் கொட்டகையும் போதும்.