சரக்குக்கு வழி திறந்தது. மனிதனுக்கு நிழல் எங்கே?

வியாபாரத்திற்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் நம் தேசத்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. பட்டணங்களில் இருந்து அதைப் பேசுவோர் பெரும்பாலும் அன்னியச் செலாவணியையும் பங்கு மார்க்கெட்டையும் சுட்டியே பேசுகிறார்கள். நாம் இன்று அதைக் கொள்ளிடத்தின் வடகரையிலிருந்து பார்க்க விரும்புகிறோம். அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த திருமானூர், தஞ்சைக்குச் செல்லும் பாதையில் ஆற்றை ஒட்டி அமைந்த ஊர். தெற்கே ஆற்றுப் பாசனமும் நெல்லும். வடக்கே சென்றால் மானாவாரி நிலமும் சுண்ணாம்புக் கல்லும். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று பார்ப்பவனுக்கு, அறிக்கைகளில் அகப்படாத சில உண்மைகள் தெளிவாகப் புலப்படும்.

கட்டுப்பாடு நீங்கிய கதை

பல கோடி வருஷங்களுக்கு முன் அரியலூர்ப் பிரதேசம் கடலடியில் கிடந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லே சிமெண்டுக்கு மூலப்பொருள். பக்கத்து டால்மியாபுரத்தில் 1939-லேயே ஆலை ஏற்பட்டது. அரியலூரில் மாகாண சர்க்காரின் ஆலை 1979-ல் தோன்றியது. அக்காலத்தில் சிமெண்டின் விலையும் விநியோகமும் சர்க்கார் கையில் இருந்தன. வீடு கட்ட நாலு மூட்டை வேண்டுமானால் பெர்மிட்டுக்கு அலைய வேண்டும். 1982 பிப்ரவரியில் அக்கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989 மார்ச்சு முதல் தேதியில் முற்றிலும் நீங்கியது. 1991 ஜூலையில் ஆலை வைக்க லைசென்ஸ் பெறும் விதியும் ஒழிந்தது. அதன்பின் ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் என்று புகைபோக்கிகள் எழுந்தன.

இதனால் நன்மை விளையவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். லாரி வைத்தவர்கள், கடை வைத்தவர்கள், ஒப்பந்தம் எடுத்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் நிலத்தை விற்றவனுக்குக் கிரயம் கிடைத்தது. அந்நிலத்தில் களை பறித்துக் கூலி வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது? பத்திரத்தில் அவன் பெயர் இல்லை; ஆகையால் பணத்திலும் அவனுக்குப் பங்கில்லை. யந்திரமே பெரும்பாலான வேலையைச் செய்யும் புதுக்காலத்து ஆலைகளில் நிரந்தர ஆட்கள் சிலரே. மூட்டை ஏற்றுவதும் கட்டிடம் எழுப்புவதும் ஒப்பந்தக்காரன் கொண்டுவரும் ஆட்களின் கையில்.

அடுத்து வந்தது செருப்புத் தொழில். பெரம்பலூர் ஜில்லா எறையூரில் 2022 நவம்பரிலும், ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரிலும் பெரிய காலணிக் கைத்தொழிலுக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. பின்னதில் முதல் போடுபவர்கள் தைவான்காரர்கள். அன்னிய முதல், அன்னிய மார்க்கெட்டு, நம் பெண்களின் உழைப்பு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது சுங்கவரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, ஏற்றுமதித் தோல், காலணித் தொழில்கள் கலங்கின. வாஷிங்டனில் இடும் கையெழுத்து ஜெயங்கொண்டத்துக் குடும்பத்தின் உலையைத் தொடக்கூடிய காலம் இது.

போகிறவனும் வருகிறவனும்

சரக்கு நடமாடும்போது ஆளும் நடமாடுகிறான். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து வாலிபர்கள் கடன் வாங்கி ஏஜண்டுக்குப் பணம் கட்டி, சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு வாசிகள் அவர்கள் விட்டுச்சென்ற மண்ணுக்குக் கூலிக்கு வருகிறார்கள். அங்கே போனவனும் இங்கே வந்தவனும் ஒரே குறையை அனுபவிக்கிறார்கள்: தன்னுடையது என்று சொல்ல ஒரு கூரை இல்லை.

2020-ல் சிங்கப்பூரில் தொற்றுநோய் பரவியபோது, அந்நகரம் உலகத்திற்கே உதாரணம் என்று புகழப்பட்டது. ஆனால் தொழிலாளர் விடுதிகளின் நெருக்கத்தை அது கணக்கில் கொள்ளவில்லை. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் தொற்றியதாக அவ்வருஷ முடிவில் அந்தச் சர்க்காரே தெரிவித்தது. பிறகு 2021-ல், புது விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாதென்று விதி செய்தார்கள். குவெய்த்தில் மங்காப் என்னுமிடத்தில் 2024 ஜூன் 12-ந் தேதி விடியற்காலையில் தொழிலாளர் கட்டிடம் ஒன்று தீப்பற்றி, சுமார் 50 பேர் மாண்டார்கள். அவர்களில் 45 பேர் இந்தியர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டவர். நம் ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். பத்திரிகைகள் அங்குள்ள முதலாளிகளைக் கண்டித்தன. கண்டித்தது நியாயமே. ஆனால் நம்மூரில் தகரக் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும் வடதேசத்துக் கூலியைப் பார்த்து நாம் என்ன சொல்லப் போகிறோம்? அவனுக்கு வாடகைச் சீட்டு இல்லை. வேலை போன அன்றே இடமும் போகிறது. 2020 மார்ச்சு 24-ந் தேதி இரவு ஊரடங்கு பிறந்தபோது, தேசமெங்கும் ஏழைகள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு நடந்தது ஏன்? பசியும் ஒரு காரணம். தங்க நிழலில்லை என்பது மற்றொன்று. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது வீண் பழமொழியல்ல.

சட்டம் சொல்வது என்ன?

வெளி மாகாணத் தொழிலாளர்களுக்காக 1979-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தகுந்த உறைவிடம் கொடுப்பதும் வைத்தியம் பார்ப்பதும் ஒப்பந்தக்காரனின் கடமை என்று அதில் விளங்க எழுதியிருந்தது. ஒரே வேலைக்கு உள்ளூரானுக்குக் கொடுக்கும் கூலியை வெளியூரானுக்கும் கொடுக்க வேண்டுமென்றும் அது கட்டளையிட்டது. சட்டம் இருந்தது, அமல் செய்வார்தாம் அரிதாயினர். 2020-ல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தைப் பெற்றது. மாகாணம் விட்டு மாகாணம் வருவோரைப் பற்றிய அதன் பகுதியில் உறைவிடக் கடமை முன்போல் வெளிப்படையாக எழுதப்படவில்லை. நீதிமன்றங்களில் பழகிய நமக்கு ஒன்று தெரியும்: எழுதிய கடமையையே தட்டிக் கழிப்பவன், எழுதாத கடமையைத் தானாகச் செய்யமாட்டான்.

"இவர்கள் வந்து நம் கூலியைக் குறைக்கிறார்களே, இவர்களுக்கு நாம் பரிந்து பேசுவதா?" என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கூலியைக் குறைப்பவன் வந்தவனல்ல. வீடும் சீட்டும் இல்லாதவனைக் குறைந்த கூலிக்கு மிரட்டி வைத்திருக்கலாம் என்று கண்டுகொண்டவனே குறைக்கிறான். வந்தவனுக்கும் நம்மவனுக்கும் ஒரே கூலி, மனிதன் வாழத்தக்க உறைவிடம் என்று கண்டிப்பாக அமலானால், ஆளைத் தூரத்திலிருந்து கொண்டுவருவதில் முதலாளிக்கு லாபமில்லை. ஆகவே அவனுக்குக் கேட்கும் நியாயம் நம்மவனுக்கும் அரணாகும்.

திருமானூர்ப் பக்கத்தில் கரைவெட்டி என்றோர் ஏரி உண்டு. மாரிக்காலத்தில் ஹிமாலயத்திற்கு அப்பாலிருந்தும் பறவைகள் அங்கு வந்து தங்கும். 1999-ல் அது சரணாலயமாயிற்று. 2024 ஜனவரியில் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் காப்பும் கிடைத்தது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். அதே வடக்கிலிருந்து வரும் மனிதனுக்கு எந்த உடன்படிக்கை காப்பு?

பணமில்லை என்று சர்க்கார் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியை 706 கோடி ரூபாய்க்குமேல் செலவில் எழுப்பி, 2024 ஆகஸ்டில் திறந்தவர்களும் இவர்களே. பெரிய கம்பெனிக்காகப் பட்டணத்தருகே முடிந்த காரியம், அரியலூரிலும் எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் முடியாதா?

நாம் கேட்பவை மூன்று. ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போதே, அதில் உழைப்போர் எங்கே தங்குவர் என்ற கணக்கையும் கேட்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகள் வசிக்கும் இடங்களை ஜில்லா அதிகாரிகள் சோதித்து, ஊராட்சியில் பதிவு வைக்க வேண்டும். வேலை நின்றாலும் குறிப்பிட்ட காலம்வரை இருப்பிடத்தை விட்டுத் துரத்தக் கூடாதென்று விதி செய்ய வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கத்தாரும் ஊராட்சித் தலைவர்களும் தங்கள் மேடைகளில் எழுப்ப வேண்டும். வியாபாரத்திற்குக் கதவைத் திறந்த தேசம், அதை நடத்தும் கைகளைத் தெருவில் கிடத்தலாகாது.