ரிக்வயரா, ஆட்டோலோடா?

பிஹெச்பி ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தா, மேலே ரிக்வயர் ஒன்ஸ், ரிக்வயர் ஒன்ஸ்னு வரிசையா நிக்கும். ப்ராஜெக்ட் வளர வளர அந்த வரிசையும் நீளும். இதைக் குறைக்க வழி இருக்கு.

முதலில் பழைய முறை. இன்க்ளூட், ரிக்வயர் இரண்டுமே இன்னொரு ஃபைலை அங்கே கொண்டுவந்து ரன் பண்ணும். ஃபைல் இல்லைன்னா இன்க்ளூட் வார்னிங் மட்டும் கொடுத்துட்டு மேலே போகும். ரிக்வயர் அங்கேயே நின்னுடும். ‘ஒன்ஸ்’ சேர்த்தா ஒரே ஃபைல் இரண்டு தடவை லோட் ஆகாது. ஆனா எந்த ஃபைல் முதலில் வரணும்கிறது உங்க பொறுப்பு. ஒரு ஃபோல்டர் பேரை மாத்தினா, அதைக் கூப்பிடுற எல்லா ஃபைலையும் திருத்தணும்.

ஆட்டோலோடிங்ல, இன்னும் லோட் ஆகாத ஒரு கிளாஸ் பேர் வந்தா, எரர் காட்டுறதுக்கு முன்னாடி பிஹெச்பி நீங்க பதிவு பண்ணின ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்த ஃபங்ஷன் ஃபைலைத் தேடி ரிக்வயர் பண்ணும். அதாவது உள்ளே நடக்கறது அதே ரிக்வயர்தான். தேவைப்படும்போது மட்டும் நடக்குது. பயன்படுத்தாத கிளாஸ் லோட் ஆகாது.

2004-ல் பிஹெச்பி 5-உடன் வந்த பழைய ஆட்டோலோட் ஃபங்ஷனை ஒரு தடவைதான் எழுத முடியும். இரண்டு லைப்ரரி அதை எழுதினா மோதல்தான். பிறகு வந்த எஸ்பிஎல் ஆட்டோலோட் ரிஜிஸ்டர்ல எத்தனை ஃபங்ஷன் வேணும்னாலும் பதிவு பண்ணலாம். பழையதை 8.0-ல் நீக்கிட்டாங்க.

பேரை வெச்சு ஃபைலைக் கண்டுபிடிக்க ஒரு விதி வேணுமே? அதுதான் பிஎஸ்ஆர்-4. ‘ஆப்’ என்ற நேம்ஸ்பேஸுக்கு ஒரு ஃபோல்டரைக் காட்டிட்டா, அதுக்குள்ள இருக்கற நேம்ஸ்பேஸ் எல்லாம் சப்ஃபோல்டர், கிளாஸ் பேரே ஃபைல் பேர். இதை கம்போசரோட ஜேசன் ஃபைல்ல எழுதிட்டு டம்ப்-ஆட்டோலோட் கமாண்ட் கொடுங்க. அப்புறம் வெண்டார் ஃபோல்டர்ல இருக்கற ஆட்டோலோட் ஃபைலுக்கு ஒரே ஒரு ரிக்வயர் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. விண்டோஸ் பொதுவா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். கிளாஸ் பேர் பெரிய எழுத்துல ஆரம்பிச்சு ஃபைல் பேர் சின்ன எழுத்துல இருந்தா, உங்க லேப்டாப்ல ஓடும், சர்வர்ல ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’னு நிக்கும். ரிவ்யூ அன்னைக்கு இது நடந்தா மார்க் போயிடும்.

இன்னொன்னு: ஆட்டோலோட் கிளாஸ், இன்டர்ஃபேஸ், ட்ரெய்ட், ஈனம் இவற்றுக்குத்தான். தனி ஃபங்ஷன்கள், கான்ஃபிக், டெம்ப்ளேட் ஃபைல்களுக்கு இன்னும் ரிக்வயர்தான் சரி. கிளாஸை ஆட்டோலோடுக்கு விடுங்க, மத்ததை நீங்களே கூப்பிடுங்க. ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு தடவையாவது லினக்ஸ்ல ஓட்டிப் பாருங்க.