ஸ்டீயரிங்கைத் தாங்கும் ரப்பர் புஷ்

பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்சக்கரங்கள் ஒரு கணம் தயங்கித் திரும்பினால், குறை ஸ்டீயரிங் பெட்டியில் இருப்பதாகவே பெரும்பாலும் முடிவு செய்யப்படுகிறது. அந்தப் பெட்டியைச் சேசிஸோடு இணைத்துப் பிடித்திருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும் ரப்பர் புஷ் தேய்ந்துபோனதும் இதே தயக்கத்தைத் தரும் என்பதால், விலை மிகுந்த பெட்டியை மாற்றத் துணிவதற்கு முன் விலை குறைந்த புஷ்ஷைப் பார்த்துவிடுவது அறிவுடைமை.

வட அமெரிக்கச் சந்தைக்கு 1995-இல் வந்த டொயோட்டா டகோமாவின் முதல் தலைமுறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவ்வண்டியில் இருப்பது ராக்-பினியன் அமைப்பு. ஸ்டீயரிங் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரமான பினியன் சுழலும்போது, அதனோடு கோத்திருக்கும் பற்சட்டமான ராக் இடமாகவோ வலமாகவோ நகர்ந்து, டை ராட் எனப்படும் இணைப்புக் கம்பிகள் வழியாகச் சக்கரங்களைத் திருப்புகிறது. ஸ்டீயரிங் பெட்டியாக அமையும், ராக்கை உள்ளடக்கிய உலோகக் கூடு, முன்புறக் குறுக்குச் சட்டத்தில் ரப்பர் புஷ்கள் இடையிட்டுப் பிணைக்கப்பட்டிருக்கிறது.

நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே நேரடியாகச் செயல்படுகிறது. ராக் எவ்வளவு விசையோடு ஒரு பக்கம் தள்ளப்படுகிறதோ, அதே விசை கூட்டை மறுபக்கம் தள்ளுகிறது. பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய் அழுத்தமும் அவ்வாறே இருபுறமும் தள்ளுவதால், ஓட்டுநரின் கை உணராத பெரும் விசையையும் புஷ் தாங்க வேண்டியிருக்கிறது. வழுக்கும் தரையில் நின்று வண்டியைத் தள்ளுபவரின் கால் பின்னோக்கிச் சறுக்குவதைப் போல, புஷ் நைந்துவிட்டால் கூடு முதலில் பின்வாங்கி, அதன் பிறகே சக்கரம் அசைகிறது. ஸ்டீயரிங்கின் ஒரு முழுச் சுற்றுக்கு ராக் 50 மி.மீ. நகர்வதாகக் கொண்டால், கூட்டின் 2 மி.மீ. ஆட்டம் ஏறத்தாழ 14 பாகைச் சுழற்சியை விழுங்கிவிடும், 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது கிட்டத்தட்ட 5 செ.மீ. வெற்று அசைவு. நெடுஞ்சாலை வேகத்தில் பாரம் ஏற்றிய வண்டியை நேர்கோட்டில் வைத்திருக்க ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க நேர்வது இதனால்தான்.

ரப்பரின் மீள்திறனுக்குக் காரணம், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆங்காங்கே கட்டிவைக்கும் கந்தகப் பிணைப்புகள். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இப்பிணைப்பை உண்டாக்கும் வழியை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். காற்றில் மிகச் சிறு அளவில் இருக்கும் ஓசோன், இழுவிசைக்கு உட்பட்ட ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் துண்டித்து, இழுவிசைக்குச் செங்குத்தான வெடிப்புகளை உண்டாக்குகிறது. எஞ்சின் வெப்பமும் ஆக்சிஜனும் சில சங்கிலிகளை அறுத்து, வேறு சிலவற்றைத் தேவைக்கு மேல் பிணைத்துவிடுகின்றன. எல்லாவற்றிலும் கொடியது எண்ணெய்க் கசிவு; இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி உப்பி வலுவிழப்பதால், கசியும் பவர் ஸ்டீயரிங் குழாயைச் சரிசெய்யாமல் புதுப் புஷ் பொருத்துவது வீண் செலவு. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை முறுக்கித் திருப்பும் பழக்கமும் புஷ்ஷின் ஆயுளைக் குறைக்கிறது, ஏனெனில் டயர் தரையோடு மிகுதியாக உராய்வது அப்போதுதான்.

பழுதைக் கண்டறிய, சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் ராக்கின் கூட்டைக் கவனிக்க வேண்டும். கூடு குறுக்குச் சட்டத்திலிருந்து விலகி நகர்ந்தால் பழுது புஷ்ஷில் இருக்கிறது. கூடு அசையாமலிருந்தும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனைகளையும் பால் ஜாயின்ட்களையும் சோதிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாராமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பொருளையும் உழைப்பையும் கரைக்கிறது.

மாற்றுப் புஷ்ஷுக்கு இருவகைப் பொருள்கள் கிடைக்கின்றன. 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய பாலியூரித்தேன், ஷோர் ஏ எனும் கடினத்தன்மை அளவுகோலில் பொதுவாக 80 முதல் 95 வரையிலும், புஷ் ரப்பர் 50 முதல் 70 வரையிலும் அமைகின்றன. கடினமான பொருள் கூட்டை இறுகப் பிடிப்பதால் ஸ்டீயரிங் துல்லியமாகிறது. ஆயினும் ரப்பர் தன்னுள் வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடும் சாலை அதிர்வுகளில் ஒரு பகுதி ஓட்டுநரின் கைக்கு வந்துசேர்கிறது. பெரிய டயர் பூட்டிய, கரடுமுரடான பாதையில் உழைக்கும் வண்டிக்குப் பாலியூரித்தேன் தகும்; நாள்தோறும் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு நல்ல ரப்பரே போதுமானது.

மாற்றும்போது முன்பகுதியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீயரிங்கைச் சுழலாதபடி பூட்ட வேண்டும். தண்டின் இணைப்பைக் கழற்ற நேர்ந்தால் அதன் நிலையை முன்கூட்டியே குறித்துக்கொள்வது அவசியம், இல்லையேல் காற்றுப் பையின் சுருள் கம்பி அறுந்துபோகக்கூடும். துருவேறிய உட்குழலைப் புஷ்ஷோடு சேர்த்து எடுப்பதே பெரும்பாலும் கடினமான பகுதி. பாலியூரித்தேனுக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும். ரப்பரைச் செலுத்தச் சோப்பு நீர் போதும், கனிம எண்ணெய் ஆகாது. போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசைக்கு இறுக்கிய பின் சக்கர அலைன்மென்ட்டைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் கூடு இடம் பெயர்ந்திருந்த நிலையில் வைக்கப்பட்ட பழைய அளவுகளைக் கொண்டு, புதிய புஷ்ஷில் கூடு நேராக அமர்ந்துவிட்ட வண்டியை ஓட்டினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கக்கூடும்.