வாஷ் பேசினுக்குக் கீழே

பாத்ரூமைப் புதுப்பிக்கலாம் என்று பேச்செடுத்தால் போதும், டைல்ஸ் ரோஜா நிறமா, நீலமா என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கிறது. வாஷ் பேசினுக்குக் கீழே போகிற ஒண்ணேகால் அங்குலக் குழாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மிஸ்திரி பார்த்துக்கொள்வார்! எங்கள் வீட்டிலும் அப்படித்தான் விட்டோம். மூன்றாம் மாதம் கீழ் ஃபிளாட்காரர் தம் வீட்டுக் கூரையில் ஈரம் என்று சொசைட்டி செக்ரட்டரியோடு வந்து வாசலில் நின்றார்.

சுவரை உடைத்துப் பார்த்ததில், எல்போவில் சொல்யூஷனே தடவாமல் குழாயைச் செருகி, மேலே சிமெண்ட் பூசியிருந்தது தெரிந்தது. நான்கு டைல்ஸ் போயின. அதே நிறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அந்த நான்கும் இன்றும் தனியாகத் தெரிகின்றன.

ஆகையால் டைல்ஸ் ஒட்டுமுன் குழாயின் மறுமுனையை அடைத்து, நீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. சரிவு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் போதும். அதிகச் சரிவு நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். மெல்லிய குழாயில் நீர் வேகமாக ஓடினால் டிராப்பில் நிற்க வேண்டிய நீரையும் 'களக்' என்று உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

வேஸ்ட் கப்ளிங் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பேசினின் மேல்விளிம்பருகே வழிதுளை இருந்தால், பக்கவாட்டில் துளையுள்ள 'ஹாஃப் திரெட்' கப்ளிங்தான் பொருந்தும். வழிதுளை இல்லாத பேசினுக்கு 'ஃபுல் திரெட்'. மாற்றிப் போட்டால் கசிவுதான்.

இனி டிராப். பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பிலும், தரையில் ஜாலிக்குக் கீழே உள்ள நஹானி டிராப்பிலும் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும். சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே வராமல் தடுப்பது அந்த நீர் ஒன்றுதான். (பாட்டில் டிராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். என் மனைவியின் மூக்குத்தி ஒருமுறை அதில்தான் கிடைத்தது.) 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர் லண்டனில் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்ற வளைகுழாயிலும் இதே தத்துவம்தான்.

அந்த நீர் வற்றினால்? 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் தாக்கியது. பாத்ரூம் தரையிலிருந்த டிராப்கள் வறண்டு கிடந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன் அவற்றின் வழியே அசுத்தக் காற்றை உள்ளே இழுத்ததும் நோய் பரவிய வழிகளில் ஒன்று என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் நாம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்த வாடை இந்த வறட்சியால்தான். இப்போதெல்லாம் பால், பேப்பர் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்பு நீரும், அது ஆவியாகாமலிருக்க மேலாக ஒரு ஸ்பூன் எண்ணெயும் விட்ட பிறகுதான் ஸ்டேஷனுக்கு ஆட்டோ கூப்பிடுகிறோம்.