தோள்மூட்டின் நிழற்படம்

பள்ளிப் பாடநூல்கள் தோள்மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்று கற்பிக்கின்றன. இடுப்புக்கு இப்பெயர் நன்கு பொருந்தும்; தோளுக்கு அரைகுறையாகவே பொருந்தும். தோள்பட்டை எலும்பில் இருப்பது கிண்ணமன்று, ஆழமற்ற சிறு தட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் ஒரு சிறு பகுதியே ஒரு வேளையில் அதனைத் தொட்டிருக்கும். கை பல திசைகளிலும் சுழல்வதற்கும் மூட்டு எளிதில் நழுவுவதற்கும் காரணம் இதுவே.

நழுவும் தலை பெரும்பாலும் முன்புறமாக வெளியேறுகிறது. அப்போது அதன் பின்பகுதி தட்டின் முன்விளிம்பில் மோதிப் பள்ளமாக நசுங்கலாம்; விளிம்பே உடைந்தும் போகலாம். அப்பள்ளம், 1940இல் அதனை விளக்கி எழுதிய கதிரியல் மருத்துவர்கள் இருவரின் பெயரால் ‘ஹில்-சாக்ஸ்’ எனப்படுகிறது.

1895இல் தாம் கண்ட கதிரின் இயல்பு விளங்காமையால் ரோன்ட்கன் அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். தமிழின் ‘ஊடுகதிர்’ அதன் செயலையே சொல்லிவிடுகிறது. நம் கலைச்சொல் மூலத்தை விஞ்சிய இடங்களுள் இதுவும் ஒன்று. எனினும், ஊடுருவிச் சென்ற கதிர் தருவது நிழலே. முன்னிருப்பதும் பின்னிருப்பதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும்.

பூப்பந்து ஆடும் என் முன்னாள் மாணவி ஒருவருக்குத் தோள் மூன்றாம் முறை நழுவியது. நேர்முகமாக எடுத்த ஒரே படத்தைப் பார்த்து, “எலும்பில் குறையில்லை” என்றனர். பின்னர் வேறொரு மருத்துவர், உள்ளங்கையைத் தலைமேல் வைத்து முழங்கையை மேல்நோக்கி நிறுத்தச் செய்து, கதிரைச் சற்றே சாய்த்து எடுத்தபோது பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ‘ஸ்ட்ரைக்கர்’ கோணம் எனப்படுவது இது. கையை உட்புறம் திருப்பி எடுக்கும் நேர்படமும் பள்ளத்தைக் காட்டக்கூடும். தட்டின் முன்விளிம்பைக் காண்பதற்கோ, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து அக்குள் வழியே கதிரைச் செலுத்தும் ‘வெஸ்ட் பாயின்ட்’ கோணம் உதவும்.

சேதம் உண்டா என்பதைச் சொல்லும் ஊடுகதிர்ப்படம், எவ்வளவு என்பதைத் துல்லியமாகச் சொல்வதில்லை. அளப்பதற்குச் சி.டி. வருடல் வேண்டும். தட்டின் அகலத்தில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு தேய்ந்திருந்தால், கிழிந்த திசுக்களை மட்டும் தைப்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை. எலும்புத் துண்டொன்றை அங்கே பொருத்த நேரிடும். அம்மாணவிக்கு விளிம்பு பெரிதும் தேயாதிருந்தமையால் தையலே போதுமாயிற்று.